தாலிக்கு முன் ஒரு கடல்

பொன்னுருக்கிவிட்டால் பொம்பிளையும் மாப்பிள்ளையும் படலை தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டு. மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து ஆசாரியார் பவுணை உருக்கித் தாலிக்குப் பொன் எடுத்தாரென்றால், அந்தக் காலமையோடு இரண்டு பேரும் அவரவர் வீட்டுக்குள்தான். இனிக் காண்பது மணவறையில். அதற்கு முந்திய நாட்களுக்கு இப்படியொரு கட்டு கிடையாது. தேவைப்படவில்லை. சாதகம் பொருந்தி, பேச்சுக்கால் முடிந்து, நாள் வைத்த பிறகும் அந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இடத்துக்குப் போவார்கள் என்று பூநகரியில் ஒருத்தரும் நினைத்துப் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு நாள் வைத்தது அறுபதுகளில். அப்போது நாங்கள் யாழ்ப்பாணம் போவதென்றால் சங்குப்பிட்டியில் பாதையில் ஏறிக் கேரதீவில் இறங்க வேண்டும். ஆக்கள், சைக்கிள், நெல்லு மூட்டை, வாகனம் என்று எல்லாம் அந்தத் தட்டையான மிதவையில்தான் கடல் கடந்தன. மாப்பிள்ளைக்கு வேட்டி சால்வை எடுக்க அம்மாவை நடுவில் விட்டு அம்மம்மாவும் பெரிய மாமியும் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார்கள். அதே பாதையில் மற்றத் தலைப்பில் அப்பாவும் நின்றாராம், தற்செயலாக. சைக்கிள் கைபிடியில் இருந்த அவருடைய கையையும் அதில் கட்டியிருந்த மணிக்கூட்டையும் மட்டும் அம்மா பார்த்திருக்கிறா. நிமிர்ந்து முகம் பார்க்கத் தைரியம் வரவில்லை. நாற்பது வருசத்துக்கு மேல் ஒன்றாகச் சீவித்த மனுசரைக் கலியாணத்துக்கு முதல் அவ கண்டது அவ்வளவுதான். அம்மா இதைச் சொல்லும்போது அவவின் குரலில் குறை ஒன்றும் இருக்காது. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கும்.

அந்தப் பாதை என் காலத்தில் இல்லை. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியதும் ஆனையிறவால் போகமுடியாமல் போனது. அடுத்த வருசம் ஆமி பூநகரிக்குள் வந்து முகாம் போட்டது. சங்குப்பிட்டியும் முடிந்தது. செட்டியகுறிச்சியில் எங்கள் வளவையும் பனைகளையும் விட்டுவிட்டு முழங்காவில் பக்கம் போய்க் கொட்டில் போட்டோம். குடாநாட்டுக்கும் வன்னிக்கும் நடுவில் மிச்சமாய் இருந்த வழி கிளாலிக் கடல் மட்டும்தான். நோயாளிகளும் பரீட்சை எழுதப் போன பிள்ளைகளும் சவர்க்காரப் பெட்டியோடு வந்த வியாபாரிகளும் ஒரே வள்ளங்களில் இருட்டுக்குள் போய் வந்தார்கள். நாகதேவன்துறையில் நேவி இருந்தது. 1993 தை மாதம் 2ஆம் திகதி அந்தக் கடலில் வள்ளத்தில் போன சனங்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். எங்கள் கொட்டிலுக்கு இரண்டு கொட்டில் தள்ளி இருந்த வீட்டில் செத்தவீடு கொண்டாடினார்கள். உடல் வரவில்லை.

ஆகவே எனக்குப் பேசிவந்த மாப்பிள்ளை கொடிகாமத்து ஆள் என்றதும் அப்பா முதலில் கேட்டது சாதகத்தைப் பற்றியில்லை. "கடல் கடக்க வேணுமே பிள்ளை" என்றார்.

கலியாணம் பொம்பிளை வீட்டில்தான் நடக்க வேண்டும். அது பழைய வழக்கம், எங்களிடமும் அதுதான். ஆனால் அவர்களுடைய வீட்டில் ஆச்சி பாரிசவாதத்தில் படுக்கையாகக் கிடந்தா. பேரனை வளர்த்தது அவதான். மணவறையைப் பார்க்காவிட்டாலும் பொம்பிளையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று நின்றா. ஆச்சியை வள்ளத்தில் ஏற்ற முடியாது. ஆச்சியை விட்டுவிட்டு அவர்கள் குடும்பமாக இங்கே வரவும் முடியாது. அப்பா இரண்டு கிழமை யோசித்தார். கடைசியில் பொம்பிளை அங்கே போகட்டும், என் பெரியம்மா ஒருத்தி கொடிகாமத்தில் இருக்கிறா, அவ வீட்டைப் பொம்பிளை வீடாக்கி அங்கேயே கலியாணத்தை வைப்போம் என்று முடிவானது. பங்குனியில் போய் வைகாசியில் கலியாணம். என்னைக் கூட்டிப்போக மாப்பிள்ளையே கடல் கடந்து வந்தார்.

ஊர் கதைத்தது. தாலி ஏறாத பொடிச்சியை அவனோடு கடல் ஏத்துறதோ என்று கிணற்றடியில் கேட்டார்கள். எனக்குக் கேட்கும்படியாகவே கேட்டார்கள். அவர்கள் கெட்ட சனங்களில்லை. ஒரு கலியாணம் இடையில் முறிந்தால் பொடியன் அடுத்த சாதகத்தைப் பார்ப்பான், பொடிச்சிக்கு அந்தப் பேச்சு காலம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். சட்டமும் பெரிய துணையில்லை. வாக்குக் கொடுத்துவிட்டு மாறினால் நட்டஈடு கேட்க எழுத்தில் வாக்கு இருக்க வேண்டும். எங்களிடம் கலியாணம் பேசுகிறவர்கள் வெற்றிலைத் தட்டோடு வருவார்கள், காகிதத்தோடு வருவதில்லை. அதனால் அம்மம்மா, தம்பி என்று இரண்டு காவல். அம்மம்மாவுக்கு அப்போது வயது எழுபதுக்கு மேல். இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்து வள்ளம் ஏற வேண்டும் என்று சொன்னோம். நான் பூநகரியில பிறந்தனான், எனக்குத் தண்ணி காட்டாதேங்கோ என்றா.

அது 1995. தை 8ஆம் திகதியில் இருந்து சண்டை நிறுத்தம். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. அந்தப் பேச்சில் எங்கள் ஊரின் பெயர் அடிக்கடி அடிபட்டது. பூநகரி முகாமை எடு, சங்குப்பிட்டிப் பாதையைத் திற என்று புலிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரேடியோவில் பூநகரி என்று கேட்கும்போதெல்லாம் அப்பா சத்தத்தைக் கூட்டுவார். சைக்கிள் டைனமோவில் வேலைசெய்த ரேடியோ அது. தம்பி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதை திறந்தால் கலியாணத்தைச் செட்டியகுறிச்சியிலேயே வைக்கலாம் என்று அப்பா கடைசி நாள்வரை நம்பினார்.

நாங்கள் ஏறியது நல்லூர்க் கரையில். யாழ்ப்பாணத்து நல்லூர் இல்லை, பூநகரி நல்லூர். பொழுதுபட்ட பிறகுதான் வள்ளம் வெளிக்கிட்டது. எஞ்சின் பூட்டிய ஒரு வள்ளம் முன்னால், அதன் கயிற்றில் தொடுத்த வள்ளங்கள் பின்னால். எங்களுடையது கடைசிக்கு முதல். அம்மம்மா என்னோடு ஒட்டி இருந்தா. தம்பி அணியத்தில். மாப்பிள்ளைக்கு எனக்கு நேர் எதிரே, முழங்கால் முட்டாத தூரத்தில் இடம் கிடைத்தது. அவர் மடியில் ஓர் உமல். அதற்குள் ஆச்சிக்கென்று அம்மா குத்திக் கொடுத்த மொட்டைக்கறுப்பன் அரிசி. பூநகரி மொட்டைக்கறுப்பனுக்கு யாழ்ப்பாணத்தில் தனி மதிப்பு. மழையை மட்டும் நம்பி விதைக்கிற நெல்லு, சிவத்த அரிசி, கஞ்சி வைத்தால் அடுத்த வளவுக்கு மணக்கும். ஆச்சிக்கு வாய்க்கு ருசியாக எதுவும் இறங்குவதில்லை என்று கேள்விப்பட்டு அம்மா அனுப்பினா.

வள்ளத்துக்குள் தண்ணீர் கசிந்தது. பாதியாய் வெட்டிய பிளாஸ்ரிக் கான் ஒன்று கிடந்தது. அவர் உமலை இடக்கையால் மடியோடு அணைத்துக்கொண்டு வலக்கையால் கானை எடுத்துத் தண்ணீரை இறைக்கத் தொடங்கினார். குனிந்து அள்ளுவது, வெளியே ஊற்றுவது, திரும்பக் குனிவது. களுசான் முழுக்க நனைந்துவிட்டது. உமலின் அடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒரு முறை அலை எத்தியபோது தன்னைப் பிடிக்க எதையும் தேடாமல் உமலைத்தான் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். அதைப் பார்த்தபோது இந்த மனுசரைப் பற்றி எனக்கு ஏதோ தெரிந்துவிட்டது. சாதகக் கட்டத்தில் அது இருக்கவில்லை, தரகர் சொல்லவுமில்லை.

"நீர் பயப்பிடாதையும்" என்றார் கொஞ்சம் பொறுத்து. "எனக்குத்தான் கடல் சரிவராது. தலை சுத்துது."

"தண்ணியைப் பாக்காதேங்கோ" என்றேன். "அங்கால தெரியிற வெளிச்சத்தைப் பாருங்கோ."

நாங்கள் இரண்டு பேரும் பேசிய முதல் பேச்சு அது. பிறகு எஞ்சின் சத்தம் மட்டும். அம்மம்மாவின் தலை என் தோளில் சரிந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"உம்மட்ட ஒண்டு கேக்க வேணும். வீட்டில எல்லாரும் கேட்டிருப்பினம், நான் கேக்கேல்லை. உமக்கு இதில விருப்பமோ? இல்லையெண்டால் கரையில சொல்லும். ஆச்சியைக் காட்டிப்போட்டு நானே திருப்பிக் கொண்டந்து விடுறன். உம்மில பழி வராமல் நான் பாத்துக்கொள்ளுறன்."

வீட்டில் ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை. "பிள்ளைக்குச் சம்மதம்தானே" என்று மாமா கேட்டதும், நான் கதவுக்குப் பின்னால் நின்றதும், அம்மா "ஓம்" என்றதும் கேள்வியில் சேராது. நடுக்கடலில், ஒரு பக்கம் நேவி, ஒரு பக்கம் ஆமி முகாம், இரண்டுக்கும் நடுவில் கயிற்றில் இழுபடுகிற வள்ளத்தில் வைத்துத்தான் என் விருப்பம் என்ன என்று ஒரு மனுசர் என்னிடம் கேட்டார். அந்த இருட்டு இருந்ததால்தான் கேட்க முடிந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். கதிரை போட்டுப் பலகாரத் தட்டு வைத்த விறாந்தையில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. அங்கே கேட்டிருந்தால் அவமரியாதை. அங்கே "இல்லை" என்று சொல்ல என்னாலும் முடிந்திராது.

நான் உடனே பதில் சொல்லவில்லை. முழங்காவிலில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குத் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மரத்தடி வகுப்பு. அதை விட்டுவிட்டு வந்தது மனதில் கிடந்தது.

"நான் திரும்பப் படிப்பிக்கப் போகலாமோ?"

"அதை ஏன் என்னட்டக் கேக்கிறீர்? பள்ளிக்கூடம் தூரமெண்டால் சைக்கிள் ஒண்டு பாப்பம்."

கிளாலி வெளிச்சம் கிட்ட வந்த பிறகு எனக்கு விருப்பம் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். நித்திரை என்று நான் நினைத்திருந்த அம்மம்மா கண்ணைத் திறக்காமலே, "கதைச்சு முடிஞ்சுதெண்டால் தண்ணியை இறையுங்கோ பிள்ளையள், கால் நனையுது" என்றா.

கிளாலியில் இறங்கி, யாகப்பர் கோயிலைத் தாண்டி, சைக்கிளில் கொடிகாமம். தம்பியின் கரியரில் நான். மாப்பிள்ளையின் கரியரில் அம்மம்மா, உமலை மடியில் வைத்துக்கொண்டு. வழி நெடுக அம்மம்மா அவரிடம் குடும்பக் கதை கேட்டுக்கொண்டே வந்தா. அவர் மூச்சிரைக்க ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். விடியப்புறம் ஆச்சியின் கட்டிலடியில் போய் நின்றோம். ஆச்சிக்குப் பார்வை மங்கல். என் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினா. பிறகு உமலுக்குள் கை விட்டு அரிசியை அள்ளி மூக்கில் வைத்தா. அன்று கஞ்சி இரண்டு அகப்பை குடித்ததாக மாமி வருகிறவர்கள் எல்லாருக்கும் சொன்னா.

பெரியம்மா வீட்டில் நான் காத்திருந்தபோதுதான் சித்திரை பிறந்தது. ஏப்ரல் 19ஆம் திகதி திருகோணமலையில் கடற்படைக் கப்பல்கள் தாக்கப்பட்டன. சண்டை நிறுத்தம் முடிந்தது. பூநகரி முகாம் எடுபடவில்லை, பாதை திறக்கவில்லை. வைகாசியில் என் கலியாணத்துக்கு அம்மா மட்டும்தான் கடல் கடந்து வந்தா. மாட்டையும் சின்னப்பிள்ளைகளையும் விட்டுவிட்டு வர அப்பாவால் முடியவில்லை. பெரியப்பாதான் என்னைத் தாரைவார்த்துக் கொடுத்தார். அப்பாவுக்கு அந்தக் குறை சாகும்வரை இருந்தது. செட்டியகுறிச்சியில் எங்கள் முற்றத்தில் பந்தல் போட வேண்டும் என்று நான் பிறந்த நாளில் இருந்து நினைத்திருந்தவர் அவர்.

அதே வருசம் ஆமி யாழ்ப்பாணத்தை நெருங்க, ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவில் வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் எங்கள் தென்மராட்சிக்குள் வந்தது. எங்கள் வீட்டு விறாந்தை, கோடி, மாட்டுக்கொட்டில் எல்லாம் சனம். அடுத்த சித்திரையில் தென்மராட்சியும் விழ, நாங்கள் திரும்பக் கிளாலியால் வன்னிக்கு வந்தோம். அப்போது என் வயிற்றில் மூத்தவன். இவர் மடியில் இந்த முறை உமல் இல்லை. ஆச்சியின் படமும் இரண்டு பாய்களும். தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தார். கடல் அவருக்கு அப்போதும் சரிவரவில்லை.

வன்னியில் பிறகு நான் கண்ட கலியாணங்களை நினைத்தால் அந்த வள்ளத்தில் கிடைத்த நேரம் எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று தெரிகிறது. 2007, 2008இல் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து, தாலி கட்டிவிட்டால் பிள்ளை தப்பும் என்று பெற்றோர் அவசர அவசரமாக முடித்துவைத்தார்கள். நான் படிப்பித்த பிள்ளைகள், கிழமை முடிந்து வகுப்புக்கு வராத பிள்ளைகள், கழுத்தில் மஞ்சள் கயிறோடு தறப்பாள் கொட்டிலுக்குள் நின்றார்கள். விருப்பம் கேட்க அங்கே நேரம் இருக்கவில்லை. அந்தத் தாய் தகப்பன்மாரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைகளில் சிலரை இன்றைக்கும் சந்தையில் காண்கிறேன். டீச்சர் என்று கூப்பிட்டுக் கையைப் பிடிப்பார்கள். அவர்களிடம் யாராவது ஒரு முறை கேட்டிருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும்.

2008 கார்த்திகையில் பூநகரி ஆமியிடம் போனது. அதற்கு முதலே நாங்கள் கிழக்கே நகரத் தொடங்கிவிட்டோம். 2009ஐ இதற்குள் எழுத முடியாது. ஊருக்குத் திரும்பியபோது பனைகளில் பாதிக்குத் தலையில்லை. றோட்டோரம் முழுக்க மிதிவெடிக்குச் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள். கோட்டையின் சுவர் மட்டும் பறங்கியரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன இடத்தில் நின்றது. 2011 தையில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தார்கள். 288 மீற்றர். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அதன் நடுவில் பஸ்ஸால் இறக்கச் சொல்லிக் கேட்டேன். அங்கே நிற்பாட்ட மாட்டார்கள் என்றார் கொண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் இருந்து அம்மா கையை நீட்டி, "உதிலதான் பாதை வாறது" என்று காட்டினா. நான் திரும்புவதற்குள் கேரதீவு வந்துவிட்டது.

இப்போது அந்தப் பாலத்தில் பின்னேரங்களில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். நாள் வைத்த பிள்ளைகள் படம் எடுக்க வருவார்கள். கௌதாரிமுனை மணல் மேடுகளுக்கும் போவார்கள். மண்ணித்தலையில் இடிந்த சிவன் கோவிலுக்குப் பக்கத்தில் படப்பிடிப்புக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன். ஊர் இதற்கும் கதைக்கிறது. நான் கதைக்க மாட்டேன். அம்மா ஒரு கையை மட்டும் பார்த்தா. இவர்கள் முகத்தைப் பார்க்கட்டும், சிரிக்கட்டும், கடற்காற்றில் சீலையைப் பிடித்துக்கொண்டு ஓடட்டும். ஆனால் படத்துக்கு நிற்கிற இரண்டு பேருக்கும் எப்படி நிற்பது என்று மூன்றாவது ஆள் சொல்லிக்கொடுக்கிறார். ஒருத்தரை ஒருத்தர் அறிய அது போதாது. பஸ் பிந்த வேண்டும், மழை பிடிக்க வேண்டும், சுமை தூக்க வேண்டும், பசிக்க வேண்டும். அப்போதுதான் ஒருத்தர் மற்றவரிடம் எப்படிப் பேசுகிறார், கொண்டக்டரிடம் எப்படிப் பேசுகிறார் என்று தெரியவரும். கேட்க வேண்டிய கேள்வியும் அந்த நேரத்தில்தான் வாயில் வரும்.

தங்கச்சியின் மகளுக்கு இந்த ஆவணியில் கலியாணம். பொடியன் மன்னாரில் வேலை. அங்கே ஒரு வீடு வாடகைக்குப் பார்த்திருக்கிறான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறான். தங்கச்சி என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினா. எழுத்தையாவது முதல் முடிப்போம் அக்கா, பதிவு முடிந்தால் ஒருத்தரும் ஒன்றும் சொல்லமாட்டினம் என்றா. எழுத்து முடிந்தபிறகு போனால் பிள்ளை எதைப் பார்த்து என்ன சொல்ல முடியும் என்று கேட்டேன். கூடத் தம்பியையாவது அனுப்புவோமா என்றா. வேண்டாம் என்றேன். நித்திரை போல நடிக்க இப்போது அம்மம்மாவும் இல்லை.

இவர் திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பகல் பஸ்தானே, தரை வழிதானே, விடும்" என்றார்.

தங்கச்சி கடைசியில் ஓமென்றா. வெள்ளிக்கிழமை காலமை யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிற மன்னார் பஸ்ஸில் வாடியடியில் ஏறுகிறார்கள், பின்னேரம் திரும்பிவிடுவார்கள். பிள்ளையிடம் நான் சொன்னது கொஞ்சம்தான். குசினிக்கு வெளிச்சம் வருதோ பார். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று நடந்து பார். நல்ல தண்ணீருக்கு ஊர் ஊராய்க் குடம் கொண்டு அலைந்த பூநகரிப் பொம்பிளைப்பிள்ளை நீ, அந்த வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார். உவர் என்றால் பொடியனிடம் அங்கேயே சொல்லு, வேறு வீடு பார்ப்பானோ என்று கேள்.